குருதிக்குழாய்களும் மன அழுத்த இயக்குநீர்களும்

மன அழுத்த இயக்குநீர்கள் (ஓர்மோன்கள்) என்பன அச்சம், பேரோசை, உறக்கமின்மை முதலிய நெருக்கடிகளின்போது உடலில் மிகுதியாகச் சுரக்கும் வேதிப்பொருட்கள் ஆகும். அதிரினலின், நோரதிரினலின், கார்ட்டிசால் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவை சிறு தமனிகளின் அகலத்தை மாற்றிக் குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. உயர் குருதி அழுத்தம் உடையோரிடம் இவ்விளைவு மிகுந்து காணப்படும்.

செயல்படும் முறை

பரிவு நரம்பு முனைகள் நோரதிரினலினையும், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரினல் சுரப்பிகள் பெரும்பாலும் அதிரினலினையும் வெளியிடுகின்றன. தமனிச் சுவரின் மென்தசையிலுள்ள ஆல்பா ஏற்பிகளில் நோரதிரினலின் பிணையும்போது தசைக்கலத்தினுள் கால்சியம் பெருகித் தசை சுருங்குகிறது. மாறாக, எலும்புத்தசைகளுக்குச் செல்லும் குழாய்களில் பீட்டா ஏற்பிகள் மிகுதி. சிறிதளவு அதிரினலின் அவற்றை விரிக்கும். கார்ட்டிசால், நோரதிரினலினுக்குக் குழாய்கள் காட்டும் துலங்கலைக் கூட்டுகிறது.

குருதியோட்டத் தடை, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தால் தடை ஏறத்தாழ 50 விழுக்காடு உயரும்.

உயர் குருதி அழுத்தத்தில்

நீடித்த அழுத்தத்தால் சிறு தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. அத்தகைய குழாயில் அதே அளவு தசைச் சுருக்கமும் தடையை மேலும் உயர்த்தும். குழாயின் உட்படலம் வெளியிடும் விரிப்பானாகிய நைட்ரிக் ஆக்சைடின் பயனும் குறைகிறது. எனவே இயக்குநீரின் அளவு கூடாதபோதும் அழுத்தம் கூடுதலாக ஏறும்; அவ்வேற்றம் சுவரை மேலும் தடிக்கச் செய்யும்.

திருப்பூர்த் தொழிற்பகுதியில்

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்களில் ஏற்றுமதிக் கெடு நெருங்கும் காலங்களில் இரவுப் பணி வழக்கமானது. பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களின் ஓசை 90 டெசிபெல்லைத் தாண்டுவதுண்டு. காதுக்குப் பழகிவிட்டதாகத் தோன்றினும், பேரோசை பரிவு நரம்புகளைத் தூண்டக்கூடியது. உறக்கத்தில் குருதி அழுத்தம் இயல்பாக 10 முதல் 20 விழுக்காடு தாழும். உறக்கம் கெடும்போது இத்தாழ்வு குறைகிறது. உப்பு, உடற்பருமன், மரபு ஆகியனவும் காரணிகள் ஆதலால் பணிச்சூழலை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது.

கண்டறிதலும் மருத்துவமும்

இந்நோய் பெரும்பாலும் அறிகுறியற்றது. அளந்து பார்ப்பதே அறியும் வழி. வெவ்வேறு நாட்களில் 140/90 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருப்பின் உயர் குருதி அழுத்தம் எனக் கொள்வர். அம்லோடிபின் தசைக்கலத்தினுள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது. பிராசோசின் ஆல்பா ஏற்பிகளைத் தடுக்கிறது. பீட்டா தடுப்பி மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், இதயம் இவ்வியக்குநீர்களுக்கு மிகையாகத் துலங்கும். எனவே நலமாக உணர்ந்தாலும் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துதல் தீங்கானது.

தமிழ்நாடு அரசு 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடுகளிலும், 2024 இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் பணியிடங்களிலும் குருதி அழுத்தப் பரிசோதனையைக் கொண்டுசென்றன.