பேட் செக்டார்: வாயைப் பிளக்க வைக்கும் 8 தகவல்கள்!

● சீல் பிரிக்காத புத்தம்புது ஹார்டு டிஸ்க்கிலும் பேட் செக்டார் (தகவலை நம்பி எழுதிப் படிக்க முடியாத துண்டு) உண்டு, தெரியுமா? தொழிற்சாலையிலேயே தட்டு முழுக்கச் சோதித்து, தேறாத இடங்களைப் பட்டியல் போட்டு டிஸ்க்குக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அது ‘பி-லிஸ்ட்’. நம் கைக்கு வந்தபின் கெட்டுப்போகிறவை ‘ஜி-லிஸ்ட்’டில் சேரும்!

● 1980-களில் ஒளிவுமறைவே கிடையாது! பழுதான இடங்களின் பட்டியலை டிஸ்க்கின் முதுகிலேயே ஒட்டி அனுப்பினார்கள். ஃபார்மேட் செய்கிறவர் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும்.

● லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பில் ஒவ்வொரு ஃபைலின் விவரப் பதிவுக்கும் ‘ஐநோடு’ எண் உண்டு. அதில் ரூட் டைரக்டரிக்கே எண் 2 தான்! அப்படியானால் 1? பேட் பிளாக்குகளுக்கு, அதாவது பழுதான இடங்களின் பட்டியலுக்கு, ரிசர்வ் ஆகிவிட்டது!

● 7,200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கிறது! அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் தகவலைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. அந்த வேகத்தில் ஒரு உரசல் போதும், கீறல் விழுந்து பேட் செக்டார் உருவாகிவிடும்.

● செக்டார் ஒன்றைப் படிக்க முடியவில்லை என்றதும் டிஸ்க் அதை மாற்றிவிடும் என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே பதிவுசெய்யும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில் 197-ஆம் வரிசையில், ‘பெண்டிங்’ கணக்கில் வைத்துக் காத்திருக்கும். மறுபடி அங்கே எழுதினால்தான் முடிவு: எழுத முடிந்தால் பிழைத்தது. முடியாவிட்டால் உபரி செக்டார் ஒன்று அந்த இடத்துக்கு வரும், 5-ஆம் வரிசையின் எண்ணிக்கை கூடும். எழுதும்போதே பழைய தகவல் போயே போச்சு! டிஸ்க் முழுக்க அழித்து எழுதும் ஃபார்மேட்டுக்குப் பிறகு பிழை ‘சரியாகிவிடுவதன்’ ரகசியம் இதுதான்.

● கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முதல் ஸ்கேன் பிழை (தட்டைத் தானே சோதிக்கும்போது சிக்கும் பழுது) காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு பிழையற்ற டிஸ்க்கைவிட 39 மடங்கு! இன்னொரு அதிர்ச்சி: செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

● 2003-ல் சிதறி விழுந்த கொலம்பியா விண்கலத்தில் இருந்த 400 எம்பி டிஸ்க்கிலிருந்து சுமார் 99 சதவீதத் தகவல் மீட்கப்பட்டது! தட்டுகளில் குழி விழுந்த இடங்கள் நல்லவேளையாகத் தகவலே எழுதப்படாத பகுதி. அதிலிருந்த செனான் வாயுச் சோதனையின் முடிவுகள் 2008-ல் ஆய்விதழில் வெளிவந்தன.

● ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் படு கில்லாடி! தெரிந்த கேள்விகளை முதலில் எழுதி முடிக்கும் மாணவன் மாதிரி, சுலபமாக வருகிற பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்!

விண்டோஸின் ‘செக்டிஸ்க்’கை மட்டும் அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். ‘/r’ சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படித்து, ஃபைல் அமைப்பையும் திருத்தி எழுதும் அது. தள்ளாடுகிற டிஸ்க் அதிலேயே படுத்துவிடக்கூடும். முதலில் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகல், அதன்பிறகுதான் ரிப்பேர்! பெண்டிங் எண் ஏறிக்கொண்டே போனால் ரிப்பேரும் வேண்டாம், டிஸ்க்கையே மாற்றிவிடுங்கள்.