சர்க்கார் கச்சேரிக்குச் சட்டமில்லையா?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம் செல்வோர் தேக சுகத்தை நாடியே செல்கின்றனர். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் அவர்களுக்கு அமிர்தம். மூன்று மைலுக்கு இப்பால், தென்காசியில் பழைய சர்க்கார் கட்டடத்தில் உழைக்கும் குமாஸ்தாவுக்கோ அதே சாரல் நோயாக வந்து சேருகிறது.

அத்தகைய கட்டடம் ஒன்றுக்கு ஒரு காரியமாகச் சென்றிருந்தோம். சுவரில் இடுப்பளவு ஈரம் ஏறியிருந்தது. தஸ்தாவேஜுக் கட்டுகள் ஜன்னல்களை மறைத்துக் கிடந்தன. பகலிலும் விளக்கெரிந்தது. ஸ்திரீகள் உள்ளிட்ட அனைவருக்கும் ஒரே கக்கூஸ், அதிலும் தண்ணீரில்லை. ஜனங்களின் நில உரிமைக்குச் சாட்சியான காகிதங்களை அங்கே கறையான் தின்கிறது.

இது விதியின் செயலன்று. சுண்ணாம்புக் காரைச் சுவர் தான் உறிஞ்சிய நீரை ஆவியாக வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் நீர் உள்ளே சிறைப்பட்டு மேலேறும். பழுது பார்த்ததே பழுதாகிறது. ஈரமும் பூஞ்சையுமுள்ள கட்டடங்களில் இருப்போருக்குச் சுவாச நோய்களும் ஆஸ்துமாவும் அதிகமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் எடுத்துக்காட்டியது. காற்றோட்டமற்ற அறையில் க்ஷயம் பரவுவதும் எளிது.

சட்டம் என்ன சொல்கிறது? கடைகளும் ஸ்தாபனங்களும் பற்றிய 1947-ம் வருஷத்துச் சட்டம், கடைவீதி ஜவுளி வியாபாரியிடம் சுத்தத்தையும் காற்றோட்டத்தையும் கேட்கிறது. சர்க்கார் ஸ்தாபனங்களுக்கோ விலக்களித்து விடுகிறது. தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிப் பார்லிமெண்டு 2020-ல் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பும் மத்திய, மாநில சர்க்கார்களின் ஆபீஸ்களைக் கட்டுப்படுத்தாது. வியாபாரிக்கு அபராதம் விதிக்கும் கை, தன் ஜன்னலைத் திறக்க மறுப்பது என்ன நியாயம்?

பணமில்லை என்ற சமாதானம் செல்லாது. சாரலுக்கு முன் கூரையையும் நீர்த்தாரைகளையும் செப்பனிடுவதற்கும், சுண்ணாம்பு பூசுவதற்கும், பீரோக்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதற்கும், ஸ்திரீகளுக்குத் தனிக் கக்கூஸ் கட்டுவதற்கும் பொக்கிஷம் காலியாகிவிடாது. தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லாவுக்குப் புதுக் கட்டடங்கள் வேண்டியவையே. அதற்காகப் பழைய கட்டடங்களில் உழைப்போரைக் கைவிடலாகாது.

நமது சட்டசபைப் பிரதிநிதிகள் இவ்விலக்கை நீக்க முன்வர வேண்டும். தான் கட்டுப்படாத சட்டத்தைப் பிறருக்கு விதிப்பது அன்னிய ஆட்சியின் வழக்கம். ஜனங்களின் ஆட்சிக்கு அது அழகன்று.