ஓடை மணல் சொல்லும் சேதி

பிள்ளைகளே! அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியெல்லாம் காடும் வளைவும்தான். மழை பெய்தால் மலையிலிருந்து ஓடைகள் இறங்கி, அடிவாரத்தில் உள்ள வள்ளிமதுரை வரட்டாறு அணைக்கு வந்து சேரும். தண்ணீர் மட்டுமா வருகிறது? மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, மணலாகவும் கொண்டு வருகிறது. அதில் ஒரு பிடி எடுத்துச் சோதித்தால், மேலே என்ன கனிமம் இருக்கிறது என்று துப்புக் கிடைத்துவிடும்!

இந்தத் துப்பறியும் வேலையைச் செய்வது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். நிலக்கரி தேடுவதற்காக 1851-ல் தொடங்கியது. நிலத்தை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பை ஓடை மண் எடுப்பார்கள். நான்கு கட்டத்து மண்ணைக் கலந்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். ஏதாவது உலோகம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதா? உடனே சுத்தியலும் கைலென்ஸும் எடுத்துக்கொண்டு அங்கே நடப்பார்கள். பாறையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஆழத்துளை போடுவது.

இப்படித் தேடியதில் அரூர், ஊத்தங்கரைப் பக்கம் கிடைத்தது மாலிப்டினத் தாது. வெங்கச்சங்கல்லுக்குள் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும். பென்சில் கரியைப் போல மெதுவானது. காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும்! அந்தக் காலத்தில் இதை ஈயம் என்றே நினைத்தார்கள். 1778-ல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலேதான் இது வேறு பொருள் என்று காட்டினார். இவ்வளவு மெதுவான கல்லிலிருந்து வரும் உலோகம் உருக 2,600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும் என்றால் நம்புவீர்களா? எஃகில் சிறிது கலந்தால், கடும் வெப்பத்திலும் எஃகு வலுவிழக்காது.

2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில், பேட்டரிக்கு வேண்டிய லித்தியத்தோடு மாலிப்டினமும் இருக்கிறது. இவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்கியே காலம் தள்ள முடியாது என்பதால், 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 2031-க்குள் நாடெங்கும் 1,200 ஆய்வுகள் நடத்துவது திட்டம்.

"கண்டுபிடித்தால் எங்க மலையைத் தோண்டிடுவாங்களா சார்?" என்று சித்தேரிப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. வரைபடம் போடுவது வேறு, சுரங்கம் வெட்டுவது வேறு என்றேன். கல்லில் உலோகம் போதுமான அளவு இருக்க வேண்டும். காட்டு நிலம் என்றால், 1980-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதியும் வேண்டும்.

"அனுமதி கொடுத்துட்டா?" என்றான் விடாமல். காடு போகும், ஓடையும் கலங்கும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டும், வேண்டாம் என்று ஊர் பேசுவதற்கும் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே! அந்த வரைபடங்களை 'பூகோஷ்' என்ற அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம் என்றேன்.

மறுவாரம் வந்தபோது, தன் வீட்டுப் பின்னால் ஓடும் ஓடையைக் கட்டம் போட்டு வரைந்து எடுத்து வந்திருந்தான்.