கச்சேரிப் பதிவும் சபை ஒழுக்கமும்

ஓவியம் சுவரில் நிற்கிறது. சிற்பம் கல்லில் நிற்கிறது. பாடகர் எழுப்பிய ஒரு கமகமோ பிறந்த கணத்திலேயே காற்றில் கரைந்துவிடுகிறது. ஒலிப்பதிவு தோன்றும் வரையில் இசையின் நிலை இதுவே. ஒலிப்பதிவு வந்த பின்னரும் நெடுங்காலம் கச்சேரி முழுமையாகப் பதிவானதில்லை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே ஓடும். அதற்குள் ஒரு கீர்த்தனத்தை அடக்க வேண்டியிருந்ததால் வித்துவான்கள் விரைந்து பாடி முடித்தனர். விரிவான ஆலாபனைக்கும் நிரவலுக்கும் அங்கே இடம் ஏது?

இந்தக் குறையைத் தீர்த்தது காந்த ஒலிநாடா. அகில இந்திய வானொலி 1952ஆம் ஆண்டில் தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. வானொலி நிலையங்கள் பதிவு செய்து காத்த கச்சேரிகள் ஒருபுறமிருக்க, ரசிகர்கள் தாமே ஒலிப்பதிவுக் கருவிகளை வாங்கிச் சபைகளுக்குச் சுமந்து சென்று பதிவு செய்தனர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967லும், ஜி. என். பாலசுப்பிரமணியம் 1965லும், மதுரை மணி ஐயர் 1968லும் மறைந்தனர். அவர்கள் மேடையில் எங்ஙனம் பாடினர் என்பதைப் பின்வந்த தலைமுறைகள் அறிவது பெரும்பாலும் வானொலிப் பதிவுகளாலும் இத்தகைய ரசிகர்களின் ஒலிநாடாக்களாலுமே.

பம்பாய் நகரம் இந்த ஆர்வத்துக்கு ஏற்ற இடமாக அமைந்தது. மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கோயிலையும் பள்ளியையும் நிறுவியதோடு நில்லாமல் சபைகளையும் வளர்த்தன. ஸ்ரீ ஷண்முகானந்த சபை 1952இல் தோன்றியது. கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே அது எழுப்பிய பேரரங்கம் 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீவிபத்துக்கு இரையாகி, 1998இல் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பட்ட அவ்வரங்கில் இன்று 2,700க்கு மேற்பட்ட இருக்கைகள் உண்டு. செம்பூரிலும் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தன் அரங்கில் இசையையும் நடனத்தையும் பேணி வருகிறது.

ரசிகர்கள் ஓரிடத்தில் கூடினால் பேச்சு பதிவுகளின் பக்கம் திரும்புவது இயல்பு. இந்தத் தோடி எந்த ஆண்டினது? வயலின் வாசித்தவர் யார்? மற்றொரு பதிவில் நிரவல் இன்னும் நீண்டதன்றோ? இவ்வாறு ஒரே பாடலின் பல பதிவுகளை ஒப்பிட்டுப் பேசுவதில் அவர்கள் பொழுதை மறப்பார்கள். இத்தகைய பேச்சு கர்நாடக இசை ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று. ராக் இசை ரசிகர்களும் இதே ஆர்வத்தோடு ஒரே பாடலின் இருபது மேடைப் பதிவுகளை ஒப்பிட்டு வாதிடுகின்றனர். ஷண்முகானந்த அரங்கிலேயே 1960களின் பிற்பகுதியிலிருந்து இளைஞர்களின் பீட் குழுக்கள் போட்டியிட்டு வாசித்ததும் உண்டு. மிருதங்கம் முழங்கிய மேடையிலேயே மின்சாரக் கிதாரும் முழங்கியதென்றால், இருதிறத்து ரசிகர்களின் அனுபவத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவதில் தவறில்லை.

நேர்நிகழ்ச்சிப் பதிவுகள் இருவகைப்படும். மேடையிலுள்ள ஒலிவாங்கிகளின் கம்பிகள் சென்று சேரும் மிக்ஸர் என்னும் கலவைக் கருவியிலிருந்து நேரடியாக எடுப்பது ஒருவகை. இதில் குரலும் வாத்தியங்களும் தெளிவாக விழும். ஆனால் அரங்கின் முழக்கமும் அவையின் உயிர்ப்பும் அவ்வளவாக இரா. அவையில் அமர்ந்திருப்பவர் தம் கருவியால் எடுப்பது இரண்டாம் வகை. இதில் தெளிவு குறையலாம். ஆனால் கச்சேரிக்குச் சென்ற உணர்ச்சி நிறைந்திருக்கும். எது சிறந்தது என்ற விவாதம் உலகெங்கும் இன்றும் ஓயவில்லை. இரண்டையும் பொருத்தி இணைத்துக் கேட்போரும் உளர்.

இரண்டாம் வகைப் பதிவில்தான் நமது ஒழுக்கம் சோதனைக்கு உள்ளாகிறது. நமக்கு இரு செவிகள் உள்ளன. அவற்றின் பின்னே மூளை இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் கிசுகிசுத்தாலும், மேடையிலிருந்து வரும் இசையைப் பிரித்தெடுத்து அதிலேயே மனத்தைச் செலுத்த நம்மால் இயலும். ஒலிவாங்கிக்கு அந்தத் திறன் இல்லை. அதற்கு வித்துவானின் சங்கதியும் ஒன்றே, அடுத்த நாற்காலியின் இருமலும் ஒன்றே. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். மூடிய அரங்கில் சுவர்களின் எதிரொலியால் இக்குறைவு அத்துணை மிகுதியாக இராது. எனினும் அருகிலிருப்பவரின் சொல்லே உரக்க விழும் என்பதில் ஐயமில்லை.

கைப்பேசியில் பதிவு செய்வோர் மற்றொன்றையும் அறிதல் நலம். ஒலி மெலிந்தால் தானே அதனைப் பெருக்கியும், மிகுந்தால் தானே குறைத்தும் பதியும் ஏற்பாடு பெரும்பாலான கைப்பேசிகளில் உண்டு. பாடகர் கீழ் ஸ்தாயியில் இழைந்து பாடும்போது கருவி ஒலியைப் பெருக்குகிறது. அப்போது காகிதப் பையின் சலசலப்பும் கூடவே பெருகுகிறது. உடனே யாரேனும் பலமாகக் கைதட்டினால் கருவி திடுக்கிட்டு ஒலியைக் குறைக்கிறது. அடுத்து வரும் மெல்லிய ஸ்வரம் அதனுள் அமுங்கிப் போகிறது. பதிவைக் கேட்போர் பாடகர் குரல் தளர்ந்ததென்று எண்ணுகின்றனர். குற்றம் பாடகருடையதன்று.

ஆகவே, பதிவு நடக்கும் அவையில் அமர்ந்துள்ள ஒவ்வொருவரும் அப்பதிவில் பங்குடையவரே. இதற்குப் பெயர்பெற்ற சான்று ஒன்றுண்டு. 1966ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பாப் டிலன் பாடினார். நாட்டுப்பாடல் வழியை விட்டு அவர் மின்சாரக் கிதாரை ஏந்தியதைப் பொறாத ஒருவர், அவையிலிருந்து அவரை ‘யூதாஸ்’ என்று கூவினார். அந்த ஒரு சொல் பதிவாகி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இசையோடு சேர்ந்தே ஒலித்து வருகிறது. இதே பதிவு, முறையாக வெளியிடப்பட்ட 1998க்கு முன்னர், லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் எடுத்தது என்ற பிழையான பெயருடன் பல்லாண்டுகள் கைமாறியது. அவையினர் வாயிலிருந்து வந்த சொல் அழியாது என்பதையும், பதிவின்மேல் எழுதும் குறிப்புப் பிழைத்தால் அதுவும் எளிதில் திருந்தாது என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது.

இனி நம் சபைகளுக்கு வருவோம். நமது கச்சேரி மரபு அவையினரை ஊமையாக்கி வைப்பதன்று. நல்ல சங்கதிக்கு ‘பலே’ என்பதும், சிக்கலான கோவை சமத்தில் வந்து விழுகையில் தலையசைத்துக் கைதட்டுவதும் பாடகருக்கு ஊக்கமளிப்பன. அவற்றைப் பதிவில் கேட்பதும் இன்பமே. தீங்கு விளைவிப்பவை வேறு. தொடையில் ஓங்கி அறைந்து தாளம் போடுதல். பாடகருடன் தாமும் பாடுதல். ராகம் இன்னதென்று அடுத்தவரிடம் உரத்து வாதிடுதல். தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் சிற்றுண்டிச் சாலையை நோக்கி நடத்தல்: இவையே ரசிகர்கள் நெடுங்காலமாகக் குறைப்பட்டுக்கொள்ளும் வழக்கங்கள்.

இவற்றுள் இறுதியாகச் சொன்னது மிகக் கொடியது. இரண்டு மணி நேரமாகப் பாடகரைத் தாங்கி வாசித்த மிருதங்கக் கலைஞருக்கும் கடக் கலைஞருக்கும் தம் கற்பனையை விரித்துக் காட்டக் கிடைக்கும் வேளை அது ஒன்றே. அவ்வேளையில் நாற்காலிகள் மடங்கும் ஒலியும் காலடி ஓசையும் எழுந்தால், நுண்ணிய சொற்கட்டுகள் அவற்றுள் மறைகின்றன. அந்தக் கலைஞர் எதிரே காலியாகும் இருக்கைகளையும் காண்கிறார். மும்பையில் மின்ரயிலையும் பேருந்தையும் எண்ணி முன்னரே புறப்பட வேண்டிய நிலை பலருக்கு உண்டு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. அத்தகையோர் வரிசையின் ஓரத்து இருக்கையைத் தேடி அமர்ந்து, ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று தொடங்குமுன் எழுந்து சென்றால் எவருக்கும் இடையூறு நேராது. தங்க இயன்றவர்கள் மங்களம் முடியும் வரை அமர்ந்திருத்தலே முறை.

எல்லா இசைக்கும் ஒரே ஒழுக்கம் பொருந்தும் என்று நாம் கூறவில்லை. ராக் நிகழ்ச்சியில் எழுந்து நின்று ஆடுவதும், ஆயிரம் பேர் கூடிப் பல்லவியைப் பாடுவதும் இசையின் பகுதியே. 2018இல் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தின் பாடல்களில் தாராவியின் டோபடெலிக்ஸ் குழுவினர் பங்கேற்றதை நேயர்கள் அறிவர். அத்தகைய ராப் பாடலில் பாடுவோர் ஒரு சொல்லை வீசக் கூட்டம் மறுசொல் கூற வேண்டும். அங்கே மௌனம் காப்பதே மரியாதைக் குறைவு. எந்த இசை நம்மிடம் எதை வேண்டுகிறது என்று அறிந்து நடப்பதே ஒழுக்கம். ஆயினும் கைப்பேசியை உயரத் தூக்கிப் பின்னிருப்பவரின் பார்வையை மறைப்பதை எந்த இசையும் வேண்டுவதில்லை.

பதிவு செய்வோருக்கும் கடமைகள் உண்டு. முதலாவது, அனுமதி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தத்தினால் மேடைக் கலைஞரின் உரிமை தனியே ஏற்கப்பட்டது. இன்று அவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். தம் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்துகொள்வதைச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் அதனைக் கலைஞரின் இசைவின்றி விற்பதும் பரப்புவதும் வேறு. அரங்கின் விதி பதிவையே தடுக்குமாயின் அதற்கும் பணிதல் வேண்டும். அன்று தொண்டை சரியில்லாத ஒரு பாடகர், அந்தப் பாட்டு என்றென்றும் உலகெங்கும் ஒலிக்க வேண்டாம் என்று விரும்பினால், அவ்விருப்பத்தை மீற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அனுமதி கிடைத்தால் எத்துணை நன்மை விளையும் என்பதற்கு அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் குழுவினர் சான்று. பதிவு செய்யும் ரசிகர்களை விரட்டாமல், 1984 அக்டோபரில் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினர். பதிவுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், விலைக்கு விற்கலாகாது என்பது உடன்பாடு. ஒலிவாங்கித் தண்டுகள் ஓரிடத்தில் சேர்ந்தமையால் மற்றவர் பார்வைக்கும் இடையூறு குறைந்தது. அக்குழுவினர் 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவு, ரசிகர்களிடையே கைமாறிப் புகழடைந்து, பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுதியில் 2011ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் இடம்பெற்றது. நம் சபைகளும் கலைஞர்களின் இசைவோடு இத்தகைய ஏற்பாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது கடமை, குறிப்பு. நாள், இடம், பக்கவாத்தியம், பாடல் வரிசை ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். 1,200 அடி நீளமுள்ள ஒலிநாடா, வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூன்று மணிக் கச்சேரிக்கு ஆறு சுருள்கள் வேண்டும். அவற்றில் ஒன்று வரிசை மாறினாலும், ஒரு கச்சேரியின் ஆலாபனை மற்றொன்றின் பல்லவியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரித்தறிய மூத்த ரசிகரின் நினைவைத்தான் நம்ப வேண்டும்.

அந்த நினைவுகளும் ஒலிநாடாக்களும் இன்று ஒருங்கே தேய்ந்து வருகின்றன. மும்பையின் மழைக்காலத்து ஈரம் ஒலிநாடாவுக்குப் பகை. நாடாவின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், பூஞ்சை படரும், ஓட்டிப் பார்க்கும்போதே பூச்சு உரிந்து வருவதும் உண்டு. ஆதலின் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சுருள்களைப் பழைய கருவியில் மாட்டிச் சோதிக்காமல், அறிந்தவரிடம் காட்டி எண்முறைப் பதிவாக மாற்றிக்கொள்வது நலம். 1969இல் நிறுவப்பட்ட மும்பை நிகழ்த்துகலைத் தேசிய மையமும் இசைப்பதிவுக் காப்பகம் வைத்திருக்கிறது. வீட்டில் உள்ள பெரியவரை அருகே இருத்தி, எந்தச் சுருளில் யார் பாடியது, எங்கே பாடியது என்று கேட்டு எழுதி, அந்தக் குறிப்பையும் பதிவோடு சேர்த்து வைத்தல் வேண்டும். வரும் மழைக்காலத்துக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.