தடித்த இதயச் சுவர்

நெடுங்காலம் உயர் இரத்த அழுத்தத்துக்கு எதிராக உழைத்த மனித இதயத்தின் குறுக்குவெட்டு மாதிரி இது. நலமான இடது கீழறையின் சுவர் ஏறத்தாழ 1 செ.மீ. தடிமன் கொண்டது. இங்கே அது 1.5 செ.மீ.யைத் தாண்டியிருக்கிறது.

வயது வந்தோரின் இதயத்தில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான தசைச் செல்களே புதிதாக உருவாகின்றன. ஆகவே சுமை கூடும்போது செல்களின் எண்ணிக்கை அன்றி, ஒவ்வொரு செல்லின் பருமனே பெருகுகிறது.

செல் இழுபடுவதை அதன் உறையிலுள்ள இன்டெக்ரின் புரதங்களும், உள்ளே சுருள்வில்லாக இயங்கும் டைட்டின் புரதமும் உணர்கின்றன. அந்தச் சமிக்ஞை உட்கருவை எட்டியதும் புதிய சுருங்கு இழைகள் உருவாகின்றன. 1993-இல் சடோஷிமா, இசுமோ ஆய்வுக் குழுவினர் எலிக்குட்டிகளின் இதயச் செல்களைச் சிலிக்கோன் படலத்தில் வளர்த்து, படலத்தை இழுத்தனர். நரம்பும் இரத்த ஓட்டமும் இல்லாத அந்தப் படலத்திலேயே செல்கள் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை வெளியிட்டுப் பருத்தன. இதயவியலின் மிக அழகான சோதனைகளுள் ஒன்று இது.

அழுத்தச் சுமையில் புதிய இழைகள் பக்கவாட்டில் சேர்ந்து சுவர் தடிக்கிறது. வால்வு கசிந்து இரத்தத்தின் அளவு மிகும்போது அவை நீளவாக்கில் சேர, அறை விரிகிறது.

கர்ப்ப காலத்தில் பருக்கும் இதயம் மகப்பேற்றுக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்புகிறது. தீராத உயர் அழுத்தத்திலோ செல்களிடையே நார்த்திசு படிந்து சுவர் விறைக்கிறது. காலப்போக்கில் இதயம் செயலிழக்கவும் கூடும். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளால் அழுத்தம் குறையும்போது, தடித்த சுவர் பலருக்கு ஓரளவு மெலிகிறது.