ஸ்பைடர்மேன் வில்லன், ரப்பர் ஆக்டோபஸ்: துருக்கி எடுத்த காமிக்ஸ் படங்களை நாம் ஏன் எடுக்கவில்லை?

இஸ்தான்புல்லில் கொள்ளைக்கூட்டம் நடத்துகிறான் ஸ்பைடர்மேன். அவனை அடக்க கேப்டன் அமெரிக்காவும் மெக்ஸிகோ மல்யுத்த வீரர் சான்ட்டோவும் வருகிறார்கள். மீம் இல்லைங்க, 1973-ல் துருக்கியில் நிஜமாகவே வந்த படம், 'ஊச் தேவ் ஆதாம்'. மார்வெலிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

1972-ல் மட்டும் அங்கே சுமார் 300 படங்கள் வந்தன. அத்தனை கதைக்கு எங்கே போவது? காமிக்ஸ் கைகொடுத்தது. ஃபேன்டம், ஸாகோர் எல்லோரும் திரையில் துருக்கி பேசினார்கள்.

இன்று யூடியூபில் இவற்றைக் கிண்டலுக்காகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் திருட்டு ஸ்பைடர்மேனைவிட சுவாரஸ்யமானவர் சுவாத் யாலாஸ். 'கராஓலான்' என்ற வீரனை வரைந்த ஓவியரான அவரே, 1965-ல் அதைப் படமாகவும் இயக்கினார். நாயகன் கார்த்தால் திபெத். அடுத்து செஸ்கின் புராக் வரைந்த 'தார்கான்' வேடமும் இவருக்கே. 1969 முதல் 1973 வரை 5 தார்கான் படங்கள். ஒன்றில் வரும் ஆக்டோபஸ் ரப்பர் என்று குழந்தைக்கே தெரியும். இருந்தாலும் தார்கான் சொந்த ஊர் ஆள்!

அதே காலத்தில் இங்கே? 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். அதே ஆண்டு கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கரின் 'கங்கா', 'ஜக்கம்மா'. குதிரை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் இருந்தது, மாயாவி மட்டும் வரவில்லை. ட்ரிக் ஷாட் பிரச்சினையா? விட்டலாச்சார்யா பார்க்காத மாயமா! மாயாவி 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். நமக்கு அவர் மொழிபெயர்ப்புச் சரக்கு. கூடவே நின்று படமாக்க, அவரை வரைந்த ஓவியர் இங்கே இல்லை.

தெருப்பலகையில் பிரெஞ்சு பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரரிடம் 'புளூபெர்ரி' என்றால் விழிக்கலாம். 'கேப்டன் டைகர்' என்றால், காமிக்ஸ் படித்தவர் முகம் மலரும். இருவரும் ஒருவரே. 1963-ல் ஷார்லியே எழுதி ழிரோ வரைந்த பிரெஞ்சு காமிக்ஸ் அது. 2004-ல் அதைப் படமாக்கியதும் பிரான்ஸ்தான்.

நம் பக்கம் 2010-ல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்தது. காமிக்ஸ் வாசம் தலைப்பிலேயே அடிக்கும். அதில் ஒரு ஊருக்குப் பெயர் ஜெய்சங்கர்புரம். 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

துருக்கிப் படங்களைப் பார்க்க நினைப்பவர்கள் தார்கானில் தொடங்கலாம். ஸ்பைடர்மேன் அப்புறம் பார்த்துக்கலாம்.