மூளையின் மூப்பும் ஓமோன்களும்

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையிலேந்தும் கணத்தில் நெஞ்சு படபடப்பதை மாணவர் யாவரும் அறிவர். அவ்வேளையில், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அதிரீனற் சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. குருதியிலுள்ள குளுக்கோசின் அளவை உயர்த்தி உடலை இடருக்கு ஆயத்தஞ் செய்வது அதன் தொழில்களுள் ஒன்று. இடர் நீங்கியதும் அது தணிதல் வேண்டும். நெருக்கீடு தீராது நீடிப்பின் மூளைக்கு யாது நேரும் என்பதே இங்கு யாம் நோக்கப் புகுவது.

நினைவைப் பதித்து வைக்கும் மூளைப்பகுதி கடற்குதிரையின் வடிவை ஒத்தது; ஆதலின் இப்போகாம்பசு என்னும் கிரேக்கப் பெயர் பெற்றது. எலியிற் சுரக்கும் இத்தகைய ஓமோன் அப்பகுதியிற் சென்று பற்றுவதை 1968 இல் நியூயோர்க்கில் புரூசு மக்கியூவன் குழுவினர் கண்டனர். ‘போதும்’ என்று சுரப்பை அடக்கும் கடிவாளங்களுள் ஒன்றும் இப்பகுதியே. அது நலியின் கடிவாளந் தளரும். தளரவே சுரப்பு மிகும். மிகவே அது மேலும் நலியும். மொன்றியல் நகர முதியோரிடம் நிகழ்த்தி 1998 இல் வெளியான ஆய்வில், கோட்டிசோல் ஆண்டுதோறும் ஏறி உயர்ந்து நின்றோருக்கு இப்பகுதி சிறுத்தும் நினைவு குன்றியுங் காணப்பட்டது.

இனி ஆண் பெண் வேறுபாடு. எலிகளை 21 நாள் நெருக்கீட்டுக்குள்ளாக்கியபோது, ஆணெலியின் இப்போகாம்பசில் நரம்புக்கலங்களின் கிளைகள் சுருங்கின. பெண்ணெலிக்கு அத்துணைச் சுருக்கம் நேரவில்லை. நெருக்கீடு ஒழிந்தபின் அக்கிளைகள் மீண்டும் வளர்ந்தமை ஆறுதலான செய்தி. பெண்மையை மென்மையென்று எளிதிற் கூறிவிடுவோர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக. ஆயினும் எலியிற் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது. 45 ஆய்வுகளை ஒருங்கு நோக்கி 2005 இல் வெளியிட்ட மதிப்பீடொன்று, முதுமையில் நெருக்கீட்டுக்குக் கோட்டிசோல் மிகுதியாய் எழுகின்றதென்றும், அம்மிகுதி ஆடவரினும் பெண்டிரிடம் ஏறத்தாழ மும்மடங்கு என்றும் கூறிற்று.

ஆடவரின் தெசுத்தொசுத்தெரோன் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லவே குறையும். அதன் ஒரு பகுதி மூளையினுள்ளேயே ஈசுத்திரசனாக மாறுவதும் உண்டு. பெண்டிர்க்கோ, ஐம்பது வயதை அண்டி மாதவிடாய் நிற்க, ஈசுத்திரசன் சில ஆண்டுகளில் வீழ்ந்துவிடுகின்றது. இழந்ததை மருந்தாய் ஈந்தால் மூளை காக்கப்படும் என்று பலர் நம்பினர். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 4,532 பெண்களிடம் செய்த சோதனை 2003 இல் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. ஈசுத்திரசனொடு புரோசெத்தினுங் கலந்த மருந்தை உண்டோருள் 40 பேரும், வெறுங்குளிகை உண்டோருள் 21 பேரும் மறதிநோய்க்கு ஆளாயினர். மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுள் மருந்தைத் தொடங்கியோரிடம் பின்னர் நிகழ்த்திய சோதனைகளிலோ, நினைவாற்றலுக்குத் தீங்குங் காணப்படவில்லை, நன்மையுங் காணப்படவில்லை.